துணிமூட்டைக்குள் ஓர் அரசன்



பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டிற்கு ஒருமுறையேனும் போய்வராதவர் நம் சபையில் அரிது. ஏரியைக் காணவும், மீன் வாங்கவும், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டவும் போகிறோம். அங்கே டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே புகுமுன் ஒவ்வொருவனுக்கும் அவனுடைய முடிவை நினைவூட்டவே அவற்றை அங்கே நிறுத்தினார்கள் போலும். அவ்வூரிலேயே, புதர் மண்டிச் சிதைந்து கிடக்கும் கோட்டை ஒன்றும் உண்டு. அதன் பெயர் கெல்திரியா. இந்த வாரம் அந்தப் பெயரிலிருந்து தொடங்கி, நம்முடைய மண்ணின் மறந்துபோன ஒரு வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1612-ஆம் ஆண்டில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர் வைத்திருந்த பண்டகசாலையை அழித்தனர். இனி மதில் இல்லாமல் வாணிகம் இல்லை என்று உணர்ந்த டச்சுக்காரர், மறு ஆண்டிலேயே அங்கே கோட்டையை எழுப்பினர். அவர்களின் தலைவர் தம் சொந்த மாகாணமாகிய கெல்டர்லாந்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அந்தக் கெல்டர்லாந்து ஒரு காலத்தில் ‘டியூக்’ எனப்படும் கோமகன்கள் ஆண்ட நாடு. 1423-இல் ஆர்னால்ட் என்பவர் சிறு வயதிலேயே அதன் கோமகன் ஆனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய ஆட்சி நடந்தது. நகரங்களோடு பூசல், வரிப்பணத்திற்காக வழக்கு, அண்டை நாட்டாரோடு போர் என்று அது அமைதியற்ற ஆட்சியாகவே இருந்தது. 1465-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய சொந்த மகன் அடோல்ஃப், தகப்பனைப் பிடித்துச் சிறையில் அடைத்து, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். மகனுக்குத் துணைநின்றவர்களுள் அவன் தாய் காத்தரீனும் ஒருவர். இந்த அம்மையாருக்காக வரையப்பட்ட சித்திர ஜெபப்புத்தகம், ஐரோப்பா தந்த மிக அழகிய ஜெபப்புத்தகங்களுள் ஒன்றாக இன்றும் நியூயார்க் நகரில் பாதுகாக்கப்படுகிறது. கையில் அத்தகைய ஜெபப்புத்தகம், கணவரோ சிறையில்! ஆறு ஆண்டுகள் கழித்துப் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸ் தலையிட்டு ஆர்னால்டை விடுவித்தார். மகன்மேல் மனம் கசந்த அந்த முதியவர், தம் நாட்டையே சார்லஸுக்கு அடகாக எழுதிக்கொடுத்துவிட்டு, 1473-இல் மரித்தார். அடோல்ஃப் 1477-இல் போர்க்களத்தில் மாண்டான். தகப்பன் மகன் இருவருக்கும் இல்லாமல் நாடு அயலார் கைக்குப் போயிற்று. தாவீதையும் அப்சலோமையும் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இவர்களின் நினைவும் வருவதுண்டு.

இது எங்கோ நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். கெல்திரியாவின் மதில்கள் எழுந்த மறு ஆண்டிலேயே, அந்தக் கோட்டை நின்ற மண்ணை ஆண்ட அரச குடும்பத்தில் இதைவிடக் கொடிய ஒன்று நடந்தது.

அன்று நம்முடைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் விஜயநகரப் பேரரசின் எஞ்சிய பாகத்தில் இருந்தன. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின், அந்தப் பேரரசின் தலைநகர் பெனுகொண்டாவிற்கும், சந்திரகிரிக்கும், இறுதியில் வேலூருக்கும் இடம்பெயர்ந்தது. 1586 முதல் ஆண்ட இரண்டாம் வேங்கடர், சிதைந்துகொண்டிருந்த நாட்டை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாங்கிப்பிடித்தார். இயேசு சபைக் குருக்களைச் சந்திரகிரியில் வரவேற்று இடம் கொடுத்தவரும் அவரே.

அரசருக்குக் கீழே நாயக்கர்கள் இருந்தனர். ஐரோப்பாவின் கோமகன்களுக்கு நிகராக நம் நாட்டில் யாரையேனும் சொல்ல வேண்டுமானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். அரசர் நிலத்தைக் கொடுப்பார். நாயக்கர் அந்த நிலத்தின் வருவாயில் படையை வைத்திருந்து, அழைக்கும்போது போருக்கு வரவேண்டும். திறையும் செலுத்த வேண்டும். அரசர் வலியவராக இருக்கும்வரை இந்த ஏற்பாடு நாட்டைத் தாங்கும் தூணாக இருந்தது. அரசர் முதுமையடைந்தால் தூண்களே கூரையைப் பிடுங்கத் தொடங்கிவிடும்.

வேங்கடருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அரசியருள் ஒருவர், தம் பிறந்தகத்தைச் சேர்ந்த ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையைத் தாமே பெற்றதாகக் கூறி வளர்த்தார் என்பதை 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதம் தெரிவிக்கிறது. எழுதியவர் மானுவேல் பர்ராதாஸ் என்னும் இயேசு சபைக் குரு. அரசருக்கும் உண்மை தெரிந்திருந்தது. எனவே 1614 அக்டோபரில் மரணப்படுக்கையில் இருந்தபோது, அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுத் தம் சகோதரன் மகன் சிக்கராயரை அழைத்து, அரச மோதிரத்தை நீட்டினார்.

அந்தக் காட்சியைப் பர்ராதாஸ் விவரிக்கும் விதம் மனதை விட்டு அகலாதது. சிக்கராயர் மோதிரத்தை வாங்கவில்லை. முதியவரின் பாதத்தில் விழுந்து அழுது, வேறு யாருக்கேனும் கொடுக்குமாறு மன்றாடினார். எழுப்பி நிறுத்தி மறுபடியும் நீட்டியபோதும் கைகளைத் தலைமேல் கூப்பி மறுத்தார். இறுதியில் சூழ நின்ற தலைவர்கள் வற்புறுத்தியதால், கண்ணீரோடு அதை வாங்கி அணிந்துகொண்டார். மூன்று நாட்களில் வேங்கடர் மரித்தார். கெல்டர்லாந்தில் ஒருவன் தகப்பனைச் சிறையிலிட்டு ஆட்சியைப் பறித்தான். வேலூரில் ஒருவரோ, தந்தை ஸ்தானத்தில் இருந்தவர் தாமாகக் கொடுத்த ஆட்சியை வாங்க அஞ்சி அழுதார். ஆனால் அழுதவருக்கும் அந்த மோதிரம் நன்மை செய்யவில்லை.

புதிய அரசரை வணங்க எல்லாத் தலைவர்களும் வந்தனர். மூவர் மட்டும் வரவில்லை. அவர்களுள் முதல்வர் கொப்பூரி ஜக்கராயர். பிள்ளையைத் தம்முடையது என்று கூறிய அரசி அவர் குடும்பத்துப் பெண். கடிதம் தரும் கணக்குப்படி ஜக்கராயரிடம் 20,000 வீரர்கள் இருந்தனர். மற்ற இருவரிடமும் 12,000 பேரும் 6,000 பேரும் இருந்தனர். அரசியின் பிள்ளையே உண்மையான வாரிசு என்று அறிவித்து, அவர்கள் சிக்கராயரை மனைவி மக்களோடு பிடித்து வேலூர்க் கோட்டைக்குள் சிறைவைத்தனர். அந்தச் சிறுபிள்ளையை இங்கே ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பெற்றவளிடமிருந்து பிரிக்கப்பட்டு, தான் கேளாத அரியணைக்கு உரியவன் என்று அறிவிக்கப்பட்ட அந்தக் குழந்தையிடம் என்ன குற்றம் இருந்தது? அதிகாரத்திற்காகப் போரிடுவோர் குழந்தைகளைக்கூடக் கருவியாக்கிக்கொள்வார்கள்.

காற்று வீசும் பக்கம் சாய்வதே அறிவு என்று பலரும் எண்ணிய அந்நாளில், சாய மறுத்த தலைவர் ஒருவர் இருந்தார். அவர் வேலுகோட்டி யாச்சம நாயக்கர். பழைய அரசருக்காக உத்திரமேரூர்க் களத்தில் 1601-இல் வெற்றி கண்ட படைத்தலைவர். பிற்காலத்தில் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே வெங்கடகிரியில் ஜமீன்தார்களாக இருந்தவர்கள் இந்த வேலுகோட்டி மரபினரே. யாச்சமர் ஜக்கராயரோடு சேர மறுத்துத் தம் படையோடு விலகி நின்றார். அவரைப் புனிதராக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. ஜக்கராயர் உயர்ந்தால் தம் நிலங்களுக்கு ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனாலும் வென்றவர் பக்கம் போவதே அன்று எளிது. அதை அவர் செய்யவில்லை என்பதும் உண்மை.

கோட்டையை நேரே தாக்கினால் உள்ளே இருப்பவர்கள் கொல்லப்படுவார்கள். யாச்சமர் வேறு வழி தேடினார். அரச குடும்பத்தின் துணிகளை வெளுக்கும் சலவைத் தொழிலாளி ஒருவர் சிறைக்குள் போய்வர முடிந்தது. அழுக்குத் துணி மூட்டையைக் காவலர்கள் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாள் அந்த மூட்டைக்குள், சிக்கராயரின் இரண்டாம் மகன், ஏறத்தாழ 12 வயதுச் சிறுவன் இராமன், ஒடுங்கிக் கிடந்தான். அந்த மனிதர் மூட்டையைச் சுமந்துகொண்டு காவலர்களைக் கடந்து வெளியே வந்து, சிறுவனை யாச்சமரிடம் ஒப்படைத்தார்.

பிரியமானவர்களே, அந்த நடையை எண்ணிப் பாருங்கள். மூட்டை வழக்கத்தைவிடக் கனம். உள்ளே இருக்கும் சிறுவன் ஒருமுறை இருமினால் போதும், இருவர் உயிரும் போய்விடும். ஆயிரக்கணக்கான வீரர்களை வைத்திருந்த தலைவர்களால் செய்ய முடியாத ஒன்றை ஓர் எளிய உழைப்பாளி தம் முதுகில் சுமந்து செய்து முடித்தார். அந்த வரலாற்றில் அரசர்களின் பெயர் உண்டு, நாயக்கர்களின் பெயர் உண்டு, காதணியின் விலைகூட உண்டு. அவர் பெயர் மட்டும் இல்லை.

அந்தச் சிறுவன் தப்பியது தக்க தருணத்தில்தான். பின்னர் சிக்கராயரை மீட்க ஒரு முயற்சி நடந்தபோது, யாச்சமர் வந்து சேருமுன் ஜக்கராயரின் ஆட்கள் முந்திக்கொண்டனர். அரசரும் அவர் மனைவியும் மக்களும் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே மாண்டனர். மோதிரத்தை வாங்க மறுத்து அழுதவரின் ஆட்சி அவ்வளவு விரைவில் முடிந்தது. இந்தக் கொடுமையைக் கேட்டு நாடு கலங்கியது. அதுவரை ஒதுங்கி நின்ற பலர் யாச்சமர் பக்கம் வந்தனர்.

உள்நாட்டுப் போர் தமிழகம் முழுவதும் பரவியது. மதுரை நாயக்கர் முத்துவீரப்பரும், செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரும் ஜக்கராயரோடு சேர்ந்தனர். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாச்சமரோடும் சிறுவன் இராமனோடும் நின்றார். 1616-இன் இறுதியை ஒட்டி, கல்லணைக்கு அருகில் உள்ள தோப்பூரில் இரு படைகளும் மோதின. தென்னிந்தியா கண்ட பெரும் போர்களுள் அதுவும் ஒன்று. ஜக்கராயர் களத்தில் வீழ்ந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் தோற்றனர். துணிமூட்டைக்குள் வந்த சிறுவன் 1617-இல் இராமதேவராயர் என்ற பெயரில் முடிசூடினான்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் சொல்வதற்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் வரலாறு நம் வசதிக்காக நின்றுவிடுவதில்லை.

ஜக்கராயரின் சகோதரர் எதிராஜர் போரைத் தொடர்ந்தார். ஆண்டுகள் கடந்தன, நாடு களைத்தது. அமைதி வேண்டும் என்று எண்ணிய இராமதேவராயர், எதிராஜரின் மகளையே மணந்துகொண்டார். தம் தாய் தந்தையைக் கொன்ற குடும்பத்தில் பெண் எடுத்தார். அரசியல் கணக்கில் அது பிழை என்று சொல்லிவிட முடியாது. இரத்தம் சிந்துவது நிற்க வேண்டுமே. ஆனால் அந்த உறவை யாச்சமரால் ஏற்க முடியவில்லை. அரசருக்கும், அரசரைக் காப்பாற்றியவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. நேற்றைய எதிரி அரசரின் மாமனார் ஆனார்; எல்லாவற்றையும் பணயம் வைத்தவர் புறம்பே நின்றார்.

இராமதேவராயரும் நெடுநாள் வாழவில்லை. 1632-இல், அரியணைக்கு ஒரு மகன் இல்லாமல் மரித்தார். அவருக்குப்பின் வந்த மூன்றாம் வேங்கடரின் காலத்தில், 1639-இல், இந்தக் கடற்கரையை நிர்வகித்த தாமர்ல நாயக்கர்கள் ஆங்கிலேயருக்கு ஒரு மணல்திட்டில் கோட்டை கட்ட இடம் கொடுத்தனர். அதுதான் பிற்காலச் சென்னை. ஒருவரையொருவர் வீழ்த்துவதில் தலைவர்கள் தங்கள் பலத்தைச் செலவழித்துக்கொண்டிருந்த காலத்தில், பழவேற்காட்டில் ஒரு கொடியும் சென்னையில் ஒரு கொடியும் ஏறிவிட்டன.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இந்த வரலாறு புதியதாகத் தோன்றியிராது. இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் பதினோராம் அதிகாரத்தில், அத்தாலியாள் ராஜவம்சத்தார் யாவரையும் அழிக்கத் துணிந்தபோது, யோசேபாள் குழந்தை யோவாசைக் களவாய் எடுத்து ஒளித்துவைத்ததை வாசிக்கிறோம். ஆசாரியனாகிய யோய்தா அவனைக் காத்து, ஏழு வயதில் முடிசூட்டினான். அந்தப் பகுதியை நாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இரண்டாம் நாளாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தில் அதே யோவாஸ் என்ன செய்தான் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. யோய்தா மரித்தபின், தன்னைக் காத்த அந்த மனிதனின் மகன் சகரியாவைக் கல்லெறிந்து கொல்லக் கட்டளையிட்டவன் அவனே. காப்பாற்றப்பட்டவன் காப்பாற்றியவனின் வீட்டாருக்கு நன்றி காட்டவில்லை.

அப்படியானால் யோசேபாள் செய்தது வீணா? யாச்சமர் நின்றது வீணா? மூட்டையைச் சுமந்தவரின் நடை வீணா?

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கு அன்றாடக் கேள்வி என்பதை நான் அறிவேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்துவிட்டு நேரே ஆராதனைக்கு வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. உடன் வேலை செய்பவனுக்காக மேலதிகாரியிடம் உண்மையைப் பேசினீர்கள். பின்பு அவனே பதவி உயர்ந்து உங்களைக் கண்டும் காணாமல் போனான். மூத்த பிள்ளையாக நின்று தம்பி தங்கைகளைக் கரையேற்றினீர்கள். இன்று அவர்கள் வீட்டு விசேஷத்தில் உங்களுக்குக் கடைசி வரிசை. நம்முடைய சபைகளிலும், கமிட்டித் தேர்தல் வந்துவிட்டால், நேற்றுவரை ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து, ஜக்கராயரின் கணக்கையே போடத் தொடங்குகிறார்கள். யார் பக்கம் எத்தனை பேர்? எந்தப் பக்கம் சாய்ந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? அந்த நாட்களில் சாய மறுத்து நிற்பவர் தனித்துப்போகிறார். அணிகள் பின்பு சமாதானமாகி உறவு கொண்டாடும்போது, அவரை அழைக்க ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

உண்மையாய் நின்றதற்கான பலனை, நாம் யாருக்காக நின்றோமோ அவரிடமே எதிர்பார்த்தால், பெரும்பாலும் ஏமாந்துபோவோம். யாச்சமருக்கும் அது கிடைக்கவில்லை. யோய்தாவின் வீட்டாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரவுகளில் ஒரு சிறுவனின் உயிர் காக்கப்பட்டது. அவன் பின்னாளில் எப்படிப்பட்ட அரசனானான் என்பது அவன் கணக்கு. அன்று அவன் கொல்லப்பட விடாமல் தடுத்தது தடுத்தவர்களின் கணக்கு. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நம்மால் யாருக்குமே நன்மை செய்ய முடியாது.

அடுத்தமுறை பழவேற்காட்டிற்குப் போகும்போது, அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். கெல்திரியா என்ற பெயரின் கதையைச் சொல்லுங்கள். மகனால் சிறைப்பட்ட கோமகனையும், மோதிரத்தைக் கண்டு அழுத அரசரையும் பற்றிச் சொல்லுங்கள். எலும்புக்கூடுகளைக் கண்டு அவர்கள் கேள்வி கேட்டால், மோதிரத்தைப் பறித்தவரும், பெற்றவரும், காத்தவரும் இறுதியில் அந்த வாசல் வழியாகவே போனார்கள் என்று சொல்லுங்கள்.

பிறகு, பெயர் தெரியாத அந்தச் சலவைத் தொழிலாளியைப் பற்றியும் மறவாமல் சொல்லுங்கள். இந்த வாரம் உங்கள் தோளில் ஏற்றப்பட்டிருக்கும் சுமை எதுவோ, ஒருவருக்கும் தெரியாமல் யாருடைய நலனுக்காக நீங்கள் அதைச் சுமக்கிறீர்களோ, அதைக் காவலர்களைக் கடக்கும்வரை இறக்கிவைக்க வேண்டாம். மனிதர் ஏட்டில் அவர் பெயர் இல்லை; ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அறிவார் என்பதே என் விசுவாசம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்